உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவில்

ஆல்பத்தில் முதலில் வருவது பாட்டே அல்ல, கால் நிமிடம்கூட நீளாத ஒரு சத்தம். பல்வரிசையைச் சீராக்கப் போட்டுக்கொள்ளும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையை ஓர் இளம்பெண் வாயிலிருந்து கழற்றுகிறார். எச்சில் உறிஞ்சப்படுவது அப்பட்டமாகக் கேட்கிறது. கழற்றியாயிற்று என்று அறிவிக்கிறார். அவரும் பக்கத்தில் இருக்கும் அண்ணனும் அடக்கமாட்டாமல் சிரிக்கிறார்கள். 'வென் வீ ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டூ வீ கோ?' என்ற ஆல்பம் 2019 மார்ச் 29 அன்று வெளியானபோது உலகம் கேட்ட முதல் ஒலி இதுதான். தூங்கியபின் நாமெல்லாம் எங்கே போகிறோம் என்று கேட்கிற தலைப்பு. பாடகி பில்லி ஐலிஷுக்கு அப்போது 17 வயது. கூடவே பாட்டெழுதி, இசையமைத்து, பதிவும் செய்த அண்ணன் ஃபினியஸ் ஓ'கானலுக்கு 21.

வேறு எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் இந்தச் சத்தத்தை முதல் வேலையாக வெட்டி எறிந்திருப்பார்கள். இவர்கள் அதை வாசலிலேயே வைத்தார்கள். காரணம் விளையாட்டாகவே இருக்கட்டும், விளைவு பெரியது. இன்னொருவர் வாயின் ஈரச் சத்தம் நம் காதில் விழவேண்டும் என்றால் அவர் எவ்வளவு அருகில் இருக்க வேண்டும்? அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், மனிதர்கள் தம்மைச் சுற்றி எந்தெந்தத் தூரத்தில் யார் யாரை அனுமதிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1966இல் ஒரு நூல் எழுதினார். சுமார் 45 சென்டிமீட்டருக்கு உள்ளே வர உரிமை உள்ளவர்கள் மிகச் சிலர்: குழந்தை, தாய், துணை, வேறு வழியில்லாமல் மருத்துவர். அந்த வளையத்துக்குள்தான் எச்சில் சத்தம் கேட்கும். பாடகி ஒரு சொல்லும் பாடுவதற்கு முன்பே நம் மூளை அவரை அங்கே உட்கார வைத்துவிடுகிறது. அடுத்த 40 சொச்சம் நிமிடங்களும் அவர் அங்கிருந்து அதிகம் நகர்வதில்லை.

ஒரு படுக்கையறையில், சகோதரனும் சகோதரியும் சேர்ந்து, பணக்காரக் கூடங்களைத் தோற்கடித்த கதை என்றுதான் இந்த ஆல்பத்தைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். கதை உண்மைதான். ஆனால் அதற்குள்ளே இருக்கும் அறிவியலைப் பார்த்தால் அறை சின்னதாக இருந்தும் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. தூரம் என்பதையே ஒரு வாத்தியமாக எடுத்து வாசித்திருக்கிறார்கள். அந்த வாத்தியத்துக்கு அந்த அறையே போதும்.

வீடு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹைலண்ட் பார்க் பகுதியில் இருக்கிறது. தாய் மேகி பேர்ட், தந்தை பேட்ரிக் ஓ'கானல் இருவரும் நடிகர்கள்; பெரிய வருமானம் கிடையாது. இரண்டே படுக்கையறைகள். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் கூடத்தில் படுத்தார்கள். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிப்பு. பில்லி 8 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தார். மூச்சை அளந்து செலவழிக்கும் பழக்கம் அங்கே வந்தது. மெல்லப் பாடுகிறவருக்கு உரக்கப் பாடுகிறவரைவிட அந்தப் பழக்கம் அதிகம் தேவை. 2015 நவம்பரில் அண்ணன் எழுதிய 'ஓஷன் ஐஸ்' பாடலைத் தங்கை பாடி, நடன ஆசிரியருக்காக இணையத்தில் ஏற்றினார்கள். அப்போது அவருக்கு 14 வயது நிறையவில்லை. அது பரவிய வேகத்தில் ஒப்பந்தம் வந்தது. 2017இல் ஒரு குறுந்தொகுப்பு வெளிவந்தது. முழு ஆல்பத்துக்கு நேரம் வந்தபோது எந்தக் கூடத்துக்கும் போகும் வசதி இருந்தது. அவர்கள் ஃபினியஸின் அறையிலேயே இருந்துவிட்டார்கள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து பாடினார். கைக்கெட்டும் தூரத்தில் அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

படுக்கையறையில் பதிவு செய்வது ஏன் கெட்ட யோசனை என்று பொறியாளர்கள் சொல்வார்கள், நியாயத்தோடுதான் சொல்வார்கள். சுவர்கள் பக்கத்திலேயே இருப்பதால் குரல் உடனே பட்டுத் திரும்பி, நேரே வந்த குரலோடு கலந்து அதைக் கலங்கலாக்கும். தெருவில் வண்டி போகும், அடுப்பங்கரையில் பாத்திரம் உருளும். கீழ்ச்சுருதி ஒலிகளின் கதை இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். 4 மீட்டர் நீள அறைக்குள் அது நிம்மதியாக உலவ முடியாது. சுவர்களுக்கு இடையில் மோதி நிலை அலையாக நின்றுவிடும். மூலையில் நின்றால் பேஸ் இடிபோல் கேட்கும், நடுவில் நின்றால் காணாமல் போகும். எதை நம்பி ஒலியை அளப்பது?

குரலைப் பொறுத்தவரை விடை தூரத்தில் இருக்கிறது. ஒலி பரவப் பரவ மெலியும்; தூரம் பாதியானால் அளவு 6 டெசிபெல் ஏறும். உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு முழம் இருந்ததை நாலு விரற்கடையாகக் குறைத்தால் நேரே வரும் குரல் பல மடங்கு ஓங்கிவிடும். சுவரில் பட்டு வருவதோ எப்போதும் போல அதே அளவில் இருக்கும். ஆக, அறை கரைந்து போகிறது. சுவருக்கு மெத்தை கட்டி ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்யும் வேலையில் பாதியை, பாடகி ஓர் அடி முன்னால் சாய்ந்தே செய்துவிடுகிறார்.

சாய்ந்தால் இன்னொன்றும் நடக்கிறது. அவர்கள் பயன்படுத்திய நியூமன் டிஎல்எம் 103 முன்பக்கத்து ஒலியை மட்டும் விரும்பி எடுக்கும் வகை மைக். இந்த வகையில், சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு மெல்லிய சவ்வின் இரண்டு பக்கமும் ஒலி போய்ச் சேரும். இரு பக்க அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடுதான் சவ்வை அசைக்கும். தூரத்திலிருந்து வரும் கீழ்ச்சுருதி அலை மிக நீளமானது என்பதால் சவ்வின் முன்னும் பின்னும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு குறைவு, அசைவும் குறைவு. இதை ஈடுகட்ட, கீழ்ச்சுருதிக்குச் சற்றுத் தாராளமாக அசையும்படி மைக்கை வடிவமைத்திருப்பார்கள். இப்போது வாயைச் சவ்வுக்கு அருகே கொண்டுவாருங்கள். முன்பக்கம் மிக நெருக்கம், பின்பக்கம் சற்றே தள்ளி. அந்தத் தள்ளலே அழுத்தத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிடும், எந்தச் சுருதியானாலும். ஏற்கெனவே தாராளம் காட்டப்பட்ட கீழ்ச்சுருதிக்கு இது இரட்டைப் படி. மெலிந்த குரலுக்கு எங்கிருந்தோ மார்பும் கனமும் வந்துவிடுகிறது. கத்தாமலே கனம்! இயற்பியல் ஒரு பாடகிக்குத் தரக்கூடிய பரிசுகளில் இதைவிடப் பெரிதை நான் அறியேன்.

மெல்லிய குரலுக்கு ஒரு பகை உண்டு: மைக் தானே எழுப்பும் இரைச்சல். எந்த மின்னணுக் கருவியும் முழு அமைதியில்கூட ஒரு 'உஸ்ஸ்' விட்டுக்கொண்டிருக்கும். ஆரம்பகாலப் பாடல்களுக்கு அவர்கள் வைத்திருந்த மலிவான ஆடியோ-டெக்னிகா ஏடி2020 மைக்கில் அந்த இரைச்சல் 20 டெசிபெல். நியூமனில் 7. வெறும் 13தானே என்று தோன்றும். டெசிபெல் கணக்கில் அது ஆற்றலில் 20 மடங்கு வித்தியாசம். உரக்கப் பாடுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது. மூச்சோடு மூச்சாகப் பாடுகிறவருக்கு இதுதான் எல்லைக்கோடு.

பில்லி கிசுகிசுக்கிறார் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் முழுக் கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. இடுக்கு வழியே காற்று கொந்தளிப்பதுதான் ஒலி. அதில் சுருதி நிற்காது, பாட முடியாது. அவர் செய்வது நடுவழி. நாண்கள் அதிரும், ஆனால் ஒவ்வொரு அதிர்விலும் முழுக்கச் சேர்ந்து மூடிக்கொள்ளாமல் ஒரு கீற்று திறந்தே இருக்கும். அதன் வழியே காற்று கசியும். சுருதியும் இருக்கும், காற்றும் இருக்கும். ஓபரா பாடகர்கள் இதற்கு நேரெதிர். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி விளக்கியபடி, அவர்கள் தொண்டையின் வடிவத்தை மாற்றி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றலைக் குவிக்கிறார்கள். வாத்தியக் குழுவின் ஒலி அங்கே மெலிந்திருப்பதால் மைக் இல்லாமலே குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். அந்தக் கலை தூரத்தை வெல்வதற்கு. இது தூரத்தை இல்லாமலாக்குவதற்கு.

இந்த வழியை முதலில் போட்டவர் பில்லி அல்ல. 1925இல் மின் ஒலிப்பதிவு வரும்வரை பாடகர்கள் பெரிய கூம்புக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாடினார்கள். ஊசி அசைய அவ்வளவு பலம் தேவை. மைக் வந்ததும் பிங் கிராஸ்பி போன்றோர் பக்கத்தில் நின்று பேசுவது போலப் பாட ஆரம்பித்தார்கள். மக்கள் மயங்கினார்கள், பெரியவர்கள் பதறினார்கள். 1932இல் பாஸ்டன் நகரப் பேராயரே அந்தப் பாணியை ஒழுக்கக்கேடு என்று கண்டித்தார். தற்செயலாக அவர் பெயரும் ஓ'கானல், கார்டினல் வில்லியம் ஓ'கானல். அவர் பயந்தது வீண் பயம் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஆணின் குரல், கணவனோ காதலனோ மட்டுமே பேசக்கூடிய தூரத்திலிருந்து, ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒலிக்கத் தொடங்கிய காலம் அது. ஒலிப்பதிவு வரலாற்றில் அதுவரை இல்லாத ஒன்று நடந்திருப்பதை அவர் காது சரியாகவே பிடித்திருக்கிறது.

அன்றைய கிராஸ்பிக்குக் கிடைக்காத இரண்டு வசதிகள் ஃபினியஸுக்குக் கிடைத்தன. ஒன்று, கம்ப்ரஷன். குரல் ஓங்கும்போது அளவைக் குறைத்து, தாழும்போது தூக்கிவிடும் கருவி அது. வால்யூம் திருகியில் கையை வைத்தபடி, ஒரு விநாடிக்குப் பலநூறு முறை திருப்பிக்கொண்டிருக்கும் பொறுமைசாலி ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். இதனால் உதடு பிரியும் 'ப்' சத்தமும், வரிக்கு முன் இழுக்கும் மூச்சும் சொற்களுக்கு நிகராக மேலே வந்துவிடும். மற்றது, கணினியில் ஒட்டிச் சேர்ப்பது. ஒரே வரியைப் பலமுறை பாடி, ஒன்றிலிருந்து ஒரு சொல், இன்னொன்றிலிருந்து ஓர் அசை என்று பொறுக்கித் தைத்திருக்கிறார்கள். கேட்கும்போது ஒரே மூச்சில் தன்னையறியாமல் முனகியது போல இருக்கும். அந்த இயல்புக்குப் பின்னால் இருப்பது நகை வேலை.

இன்றைய கேட்போர் கூடத்தில் வானொலியைச் சுற்றி உட்காருவதில்லை; காதுக்குள் சொருகிக்கொள்கிறார்கள். இங்கேதான் ஆல்பம் தன் முழு உருவத்தை எடுக்கிறது. ஸ்பீக்கரில் கேட்கும்போது வலது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கும் கொஞ்சம் போகும். தலையும் காதுமடலும் அதை மாற்றும். அந்த மாற்றங்களைக் கணக்கிட்டு மூளை ஒலி வெளியே எங்கோ இருக்கிறது என்று முடிவு செய்யும். இயர்போனில் இந்தத் தடயங்கள் எதுவும் கிடையாது. இரு காதுக்கும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் வந்தால் மூளைக்கு அதை வைக்க வேறு இடம் இல்லை. தலைக்கு நடுவில், இரு காதுக்கும் இடையில் வைத்துவிடுகிறது. இரவில் விளக்கணைத்து 'பேட் கை' பாடலைக் கேட்டுப் பாருங்கள். முதன்மைக் குரல் நம் மண்டைக்குள்ளிருந்து வரும். அதே வரியை அவரே திரும்பப் பாடிய நகல்கள் இடமும் வலமும் விலகி நிற்கும். ஒரே ஆள் பாடினாலும் இரண்டு முறை ஒரே மாதிரி வராது. சில மில்லி விநாடிகள் முன்பின்னாக இருக்கும். அந்தச் சின்னப் பிசகுதான் அகலத்தைத் தருகிறது. எட்வர்ட் ஹாலின் 45 சென்டிமீட்டர் வளையத்தைத் தாண்டி, சுழி அளவு தூரத்துக்கு வந்துவிட்டார் பாடகி. தாய்க்கும் கிடைக்காத இடம் அது.

அதே பாட்டில் தட்தட்தட் என்று ஒரு வேகத் துடிப்பு ஓடும். அது எந்தத் தாள வாத்தியமும் அல்ல. சிட்னி நகரில் தெருவைக் கடக்கப் பொத்தானை அழுத்திவிட்டு நின்ற ஃபினியஸ், பச்சை விழுந்ததும் அந்தப் பெட்டி எழுப்பிய சத்தத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பார்வையற்றவர்கள் பத்திரமாகத் தெருவைக் கடக்க வேண்டும் என்று, லூயிஸ் சாலிஸ் என்ற சிட்னி ஒலியியல் பொறியாளரின் குழு வடிவமைத்த கருவி அது; 1980களில் பரவலாயிற்று. காத்திருக்கும்போது மெதுவான டிக், கடக்கும்போது வேகமான டிக். காது கேளாதவர்களுக்காகக் கையை வைத்தால் அதிர்வும் தெரியும். சுற்றுப்புற இரைச்சலைத் தானே கேட்டு, போக்குவரத்து கூடினால் ஓங்கி, இரவில் தணியும். எத்தனை ஒலிகளுக்கு நடுவிலும் தனியாகக் கேட்க வேண்டும், ஆனால் எரிச்சலூட்டக் கூடாது என்பதற்காகவே அளந்து செய்த ஒலி, ஒரு பாப் பாட்டின் கனத்த பேஸுக்கு மேலே தெளிவாகக் கேட்பதில் வியப்பு என்ன? சாலிஸ் தீர்த்த பிரச்சினையும் மிக்ஸிங் பொறியாளரின் பிரச்சினையும் ஒன்றேதான்.

'பரி எ ஃபிரெண்ட்' பாடலில் வரும் ரீங்காரம் இன்னும் அந்தரங்கமானது. பல்லில் ஒட்டியிருந்த பிடிப்புகளைப் பல் மருத்துவர் எடுத்தபோது பில்லியே பதிவு செய்த ட்ரில் சத்தம். பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: அந்தச் சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை. பல், தாடை, மண்டையோடு என்று எலும்பு வழியே நேராக உட்செவிக்குப் போகிறது. அதனால்தான் அது வாய்க்குள்ளே இருப்பதாக இல்லாமல் தலை முழுவதும் நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. இயர்போனும் ஒலியைத் தலைக்கு உள்ளேதான் வைக்கிறது என்று மேலே பார்த்தோம். ஆக, உலகில் உள்ள எத்தனையோ பயங்கரச் சத்தங்களில், இயர்போனில் கேட்கும்போது தன் உண்மையான இருப்பிடத்திலேயே கேட்கும் சத்தம் இது ஒன்றாகத்தான் இருக்கும். அவர்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்தார்களா? காது தானே கண்டுபிடித்தது என்றுதான் நினைக்கிறேன். கலைஞர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அறிவியலை முந்துகிறார்கள்.

அந்தப் பாட்டு கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதத்தின் வாயிலிருந்து பாடப்படுகிறது. ஆல்பத்தின் வடிவமே அந்தப் பாட்டிலிருந்துதான் பிறந்தது என்று பில்லி சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் அலறி எழுவதும், விழித்தும் உடல் அசையாமல் கிடப்பதும் அவர் அனுபவம். இரண்டும் வேறு வேறு சங்கதி. அலறல் கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. மறுநாள் பெரும்பாலும் நினைவிருக்காது. அசையாமை கனவுத் தூக்கத்தின் மிச்சம். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமலிருக்க, மூளைத்தண்டு தசைகளுக்குப் போகும் கட்டளைகளை நிறுத்தி வைக்கிறது. அந்தத் தடை விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், கை எழும்பாது, கனவின் உருவங்கள் அறைக்குள்ளேயே நிற்கும். மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம் தெரியும். அமுக்குவான் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுதான். உலகெங்கும் மக்கள் அந்தப் பாரத்துக்கு ஒரு பேயையோ கிழவியையோ ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள். வெகு அருகில் யாரோ இருக்கிறார்கள், விலக்க முடியவில்லை: இந்த அனுபவத்தைச் சொல்ல இவ்வளவு நெருங்கிய ஒலிப்பதிவைவிடப் பொருத்தமான ஊடகம் எது?

'ஸானி' பாடலில் நெருக்கம் தொந்தரவாகவே மாறுகிறது. மென்மையாக நகரும் பாட்டு. பல்லவிக்கு வந்ததும் பேஸ் பிய்ந்துபோன ஸ்பீக்கர் போல உறுமி, குரலையும் சேர்த்து நசுக்குகிறது. விருந்து ஒன்றில் அடுத்தவர் விடும் சிகரெட் புகை முகத்தில் அடிப்பதை ஒலியாக்க விரும்பினோம் என்று அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அலையின் முகடுகளை வெட்டிவிட்டால் அதில் இல்லாத மேல்சுருதிகள் பல புதிதாக முளைக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு. விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஒலி ஏறி இறங்கினால் காதுக்கு அது சொரசொரப்பாகப் படும். மனித அலறலில் நிறைந்திருப்பது அந்தச் சொரசொரப்புதான் என்றும், மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவை அது தூண்டுகிறது என்றும் லூக் ஆர்னல் குழு 2015இல் காட்டியது.

கரகரப்புக்கு நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பவே முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 150, 200, 250 காதில் விழுந்தால் போதும், இவற்றுக்கெல்லாம் அடிப்படை 50தான் என்று மூளை ஊகித்து, வராத சுருதியைக் கேட்டுவிடும். நாம் கைப்பேசியில் கேட்கும் பேஸில் பாதி நம் தலைக்குள் தயாராவது. இறுதி மிக்ஸிங் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் ஜான் கிரீனம். அறையில் எழும்பிய கனம் எந்தக் கருவியில் கேட்டாலும் கலையாமல் பார்த்துக்கொண்ட கைகள் அவை.

'பேட் கை' ஏன் அவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் ஓர் இடத்தைக் காட்டலாம். வரிகள் அடுக்கடுக்காக ஏறி, பெரிய பல்லவி வெடிக்கப் போகிறது என்று உடம்பு தயாராகும். வாத்தியங்கள் நின்றுவிடும். அலட்சியமாக ஒரே ஓர் அசை. பிறகு பல்லவிக்குப் பதில் ஒரு குறும்புக்கார சிந்தசைசர் மெட்டு. மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், உச்சம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் சுரப்பதும், உச்சம் வந்தபின் வேறொரு பகுதியில் சுரப்பதும் தெரிந்தன. 2019 நவம்பரில் வின்சென்ட் செயுங் குழு பில்போர்டு பட்டியலில் ஏறிய 745 பழைய பாடல்களின் 80,000 சுரக்கூட்டுகளை அலசியது. அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாக நம்பியிருக்கும்போது வேறொன்று வந்தால் இன்பம் கூடுகிறது என்றது. பில்லியின் பாட்டை வைத்துச் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் அந்த ஓர் அசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

வரவேற்பு வேகமாக வந்தது. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல் தன் மகள்களோடு பில்லியின் கச்சேரிக்குப் போய்வந்து, 1991இல் தங்களுக்கு நடந்ததுதான் இப்போது இவருக்கு நடக்கிறது என்றார். கூரை பிய்யும் கிடார்க்காரர்களுக்கும் இந்தக் குரலுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். நிர்வாணாவின் பலமும் மெல்லிய சரணத்திலிருந்து திடீரென்று மாறும் அந்தக் குத்தில்தான் இருந்தது. காது அளவைக் கேட்பதில்லை, வித்தியாசத்தைக் கேட்கிறது. முணுமுணுப்பெல்லாம் பாட்டா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் முதல் வாரத்தில் 3,13,000 ஆல்பங்களுக்கு இணையான விற்பனை, பட்டியலில் முதலிடம். 2000க்குப் பிறகு பிறந்த ஒருவர் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. ஆகஸ்டில், பாடல் பட்டியலின் முதலிடத்தில் 19 வாரம் அசையாதிருந்த 'ஓல்ட் டவுன் ரோட்' பாடலை 'பேட் கை' இறக்கியது. 2020 ஜனவரி 26 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம், பதிவு, பாடல், புதிய கலைஞர் என்ற நான்கு பெரும் விருதுகளும் ஒரே இரவில் வந்தன. 1981இல் கிறிஸ்டோபர் கிராஸுக்குப் பிறகு அது யாருக்கும் நடக்கவில்லை. அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத இன்னொரு விருது: சிறந்த ஒலிப்பொறியியலுக்கானது. படுக்கையறையில் பதிந்த ஆல்பத்துக்கு, கூடங்களை நடத்துகிறவர்கள் தங்கள் சொந்தத் தொழிலின் பரிசையே கொடுத்தார்கள்.

ஆனால் இந்த இசைக்கு உண்மையான சோதனை 2019 ஜூன் 30 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் நடந்தது. கூட்டம் தாங்காது என்று கண்டு, முதலில் ஒதுக்கியிருந்த சின்ன மேடையிலிருந்து பெரிய திறந்தவெளி மேடைக்கு மாற்றினார்கள். பக்கத்தில் ஆண்ட்ரூ மார்ஷல் டிரம்ஸை முழு பலத்தோடு அடிக்கிறார், ஃபினியஸ் கிடாரும் கீபோர்டுமாக நிற்கிறார். அறையில் பிறந்த பாட்டு அங்கே ராக் ஆகிவிடுகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரலை எடுக்க மைக்கின் உணர்திறனைக் கூட்டினால், ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் மறுபடி புகுந்து, சுற்றிச் சுற்றி வளர்ந்து, கீச்சென்று அலறும். அதனால் உதடு மைக்கை உரச வேண்டும். அறையில் உதவிய அதே தூர விதிதான் மேடையிலும் காப்பாற்றுகிறது.

கூட்டம் எல்லா வரிகளையும் சேர்ந்து பாடியது. ஒலி விநாடிக்கு 343 மீட்டர்தான் நகரும். 100 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு மேடையின் ஒலி போய்ச்சேர மூன்றில் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. கேட்டு அவர் பாடுவது மேடைக்குத் திரும்பிவர அதே நேரம். மொத்தம் கிட்டத்தட்ட 0.6 விநாடி. 'பேட் கை' நிமிடத்துக்கு 135 தாளம், தாளத்துக்கு 0.44 விநாடி. ஆகவே மேடையில் நிற்கும் பாடகிக்குப் பின்வரிசை எப்போதும் ஒரு தாளத்துக்கும் அதிகமாகப் பிந்தியே பாடுகிறது. அதை நம்பிப் பாடினால் பாட்டு உடைந்துவிடும். காதில் அடைத்த சின்னக் கருவி வழியே தன் குரலையும் டிரம்ஸையும் மட்டும் கேட்டபடி, வந்துகொண்டேயிருக்கும் அந்தப் பிந்திய பேரொலிக்கு முன்னால் அவர் குதித்துக் குதித்துப் பாடினார்.